கடைவீதிக்கு ஸ்டூல் வந்த கதையும் சில நன்றிகளும்

அன்புள்ள தொகுதி மக்களுக்கு, வணக்கம்.

2021 மே 11 அன்று சட்டமன்ற உறுப்பினராக உறுதிமொழி எடுத்தேன். அந்த ஐந்தாண்டு முடியப் போகிறது. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதி வந்துவிடும். அப்புறம் நான் எதை எழுதினாலும் ஓட்டுக்காக என்பீர்கள். இப்போது எழுதினாலும் அதைத்தான் சொல்வீர்கள், தெரியும். சாதனை நோட்டீஸ் தனியாக அச்சாகி வீடு வீடாக வரும். அதில் என் படம் இருக்கும். அந்த நோட்டீஸில் இடம் கிடைக்காதவர்களுக்கு எழுதுகிறேன் இதை. யாருடைய பெயரும் போடவில்லை. பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். மீதிப் பேரைக் கேட்காமல் போட எனக்கு மனமில்லை.

முதலில் பெரிய கடைவீதி ஜவுளிக்கடைப் பெண்களுக்கு.

2021 செப்டம்பர் 6 அன்று பேரவையில் ஒரு சிறிய மசோதா தாக்கலானது. கொரோனா காலம், கூட்டம் கோட்டையில் இல்லை, கலைவாணர் அரங்கத்தில். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் திருத்தம். கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். சாரம் அவ்வளவுதான். அதே கூட்டத்தொடரில்தான் நீட் விலக்கு மசோதாவும் வந்தது. ஊர்க் கவனமெல்லாம் அதன் மேல். இருக்கை மசோதாவுக்கு நான் செய்த பங்கு, 'ஆம்' என்று குரல் கொடுத்தது. சபையில் என்னோடு நிறையப் பேர் கொடுத்தார்கள்.

அதோடு மறந்தும் போனேன். அடுத்த வருஷம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன கடையில், சேலை விரித்துக் காட்டிய பெண் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். பில் போடும்போது மெதுவாகக் கேட்டார்: "சார், உட்காரலாம்னு சட்டம் போட்டீங்களாமே, அது எங்க கடைக்கு மட்டும் வரலையா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. என் பின்னால் நின்ற கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், அம்மா. காலை ஒன்பதரைக்கு வந்து இரவு ஒன்பதுக்குப் போகிறவர் நீங்கள். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு முழங்கால் வரை நீலமாய் ஏறியிருப்பதைப் பிறகு என் மனைவியிடம்தான் காட்டியிருக்கிறீர்கள். உட்கார்ந்தது கேமராவில் தெரிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்றொரு கடைத்தெரு. அங்கே வேலை செய்த பெண்கள், தையல் தொழிலாளியான பி. விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பில் சேர்ந்து பல வருஷம் போராடினார்கள். முதலில் கழிப்பறைக்காக, பிறகு உட்காருவதற்காக. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. நாம் அதற்கு அடுத்து வந்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தப் பெண்களுக்கு இந்த மடல் போய்ச் சேருமோ என்னவோ, நன்றி அவர்களுக்கும்தான்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். தொழிலாளர் உதவி ஆய்வாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் நோட்டீஸ் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கடை கடையாக ஏறி இறங்கினார். வணிகர் சங்கத்தில் கூட்டம் போட்டோம். "இடம் ஏதுங்க?" என்றார் ஒருவர். "கஸ்டமர் நிக்கும்போது இவங்க உட்கார்ந்தா மரியாதையா இருக்குமா?" என்றார் இன்னொருவர். கூட்டம் கலைய இருந்த நேரத்தில், மூலையில் இருந்த வயதான முதலாளி ஒருவர் வாயைத் திறந்தார். "எங்கப்பா காலத்துல கடையில மெத்தை விரிச்சிருக்கும். வாங்க வந்தவரும் உட்காருவார், எங்கப்பாவும் உட்கார்ந்துதான் துணி கிழிச்சுக் குடுப்பார். நின்னுக்கிட்டு யாவாரம் பண்றது நேத்து வந்த பழக்கம்தானே?"

அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஐயா, ஆயிரம் அரசாணை செய்யாததை அந்த மெத்தை செய்தது. மறுவாரமே உங்கள் கடையில் ஆறு ஸ்டூல் போட்டீர்கள்.

அந்த ஸ்டூலைச் செய்த ஆசாரிக்குத் தனியாக ஒரு வணக்கம். அளவு கேட்க அவர் முதலாளியிடம் போகவில்லை. வேலை செய்கிற பெண்களை ஒவ்வொருவராக உட்காரச் சொல்லி அளவெடுத்தார். வேண்டாதபோது கவுண்டருக்கு அடியில் தள்ளிவிடுகிற மாதிரி, சேலை மாட்டாதபடி ஓரமெல்லாம் இழைத்துக் கொடுத்தார். 'இடம் ஏதுங்க' என்றவரே அவரிடம் பன்னிரண்டு ஸ்டூல் சொல்லி வாங்கினார்.

எல்லாக் கடையிலும் முடிந்துவிட்டது என்று சொன்னால் பொய். சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. நான் உள்ளே நுழைந்ததும் பெட்டியை இறக்குகிறார்கள். போனதும் ஏற்றுகிறார்கள்.

2023 ஏப்ரல் 21-ஐயும் மறக்கவில்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தம் அன்று பேரவையில் நிறைவேறியது. அன்றிரவே ஒரகடத்திலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் எனக்குப் போன் செய்தார்கள். சிலர் பேசினார்கள், சிலர் திட்டினார்கள். ஒரு தம்பி, "அண்ணே, பன்னெண்டு மணி நேரம் வேலை, ரெண்டு மணி நேரம் கம்பெனி பஸ்ஸு. தூங்குறது எப்பண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மூன்றாம் நாள் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. மாநிலம் முழுக்க எழுந்த குரலில் உங்கள் குரலும் உண்டு. என் குரல் பெரிதாக ஒன்றும் இல்லை.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். விடிவதற்கு முன்னே எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறீர்கள். ஒரு மழை நாளில் சமையலறைக்குள் கணுக்கால் தண்ணீர். அன்றைய பொங்கலை வீட்டிலேயே ஆக்கி, அண்டாவைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். எனக்கு இது தெரிந்தது சாப்பிட்ட பிள்ளை ஒன்று சொல்லித்தான். கூரையும் தரையும் அப்புறம் சரிசெய்து தந்தோம், தாமதமாகத்தான்.

தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். அங்கன்வாடி, ரேஷன் கடைக் கட்டடம், பயணிகள் நிழற்குடை என்று போனது. என் வீட்டுப் பணமில்லை, உங்கள் வரிப்பணம். ஆனாலும் நிழற்குடையில் என் பெயர் ஒரு அடி உயரத்துக்கு எழுதியிருக்கிறது. எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு வரி கிடையாது. தெற்குத் தெரு நிறுத்தத்தில் கல்லூரி மாணவி ஒருவர் சாக்பீஸால் பஸ் நேரத்தை எழுதி வைத்தார். மழையில் அழிந்தால் மறுபடி எழுதினார். பிறகு நாங்களே பெயிண்டில் எழுதினோம், அவர் எழுதிய நேரங்களைப் பார்த்துத்தான். நடத்தை விதி வந்ததும் என் பெயர்மேல் தாள் ஒட்டுவார்கள். பஸ் நேரத்தை யாரும் மறைக்க மாட்டார்கள்.

மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து என் அலுவலக வாசலில் நின்று போன் செய்தவருக்கு அடுத்த நன்றி. "உள்ள வந்து மனு குடுக்கணும், மூணு படி இருக்கு" என்றீர்கள். மக்கள் வந்து போக என்று திறந்த அலுவலகம் அது. இரண்டு வருஷமாக அந்தப் படியைத் தினமும் ஏறியும் எனக்குக் கண்ணில் படவில்லை. சாய்தளம் கட்டி முடிக்கப் பத்து நாள்கூட ஆகவில்லை. 2025 ஏப்ரல் 16 அன்று, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் மசோதாக்களை முதலமைச்சர் பேரவையில் தாக்கல் செய்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். நீங்கள் பேரூராட்சிக்கு விண்ணப்பம் போட்டதும் தெரியும். அந்த மன்றக் கட்டடத்துக்கும் படிதான். முதல் கேள்வி உங்களிடம் தயாராக இருக்கும்.

வாய்க்காலைப் பற்றிச் சொல்லாமல் கடைமடைக்காரர்களிடம் தப்ப முடியாது. 2022-இல் மேட்டூர் வழக்கத்துக்கு முன்னதாக மே 24 அன்றே திறந்தது. சந்தோஷம்தான், ஆனால் நம் பக்கத்துக் கிளை வாய்க்கால்களில் தூர் எடுத்து முடியவில்லை. தண்ணீர் வந்து சேருவதற்குள் மண்வெட்டியோடு இறங்கிய உழவர்களுக்கும் நூறு நாள் வேலைப் பெண்களுக்கும் நன்றி. சம்பளம் தாமதமானதையும் அவர்கள் எனக்கு நினைவுபடுத்தச் சொன்னார்கள்.

முடியாதவை உண்டு. ஆற்றுப் பாலம் இன்னும் தாளில்தான் இருக்கிறது. கொள்முதல் நிலையத்துக்குக் கூரைக் கொட்டகை கேட்டு மூன்று முறை எழுதினேன். ஐப்பசி மழையில் இந்த முறையும் நெல் நனைந்தது. இதற்கு யார்மேல் பழி போட்டாலும் முளைத்த நெல் திரும்பப் போவதில்லை.

பதில் போகாத மனுக்கள் 214 இருக்கின்றன. என் உதவியாளர் தேதிவாரியாகப் பச்சை அட்டை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், அவருக்கும் நன்றி. அடுத்து வருபவர் நானாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், அந்த நோட்டு அலுவலக மேசையின் வலப்பக்க இழுப்பறையில் இருக்கும். பாலம் முதல் பக்கத்தில், ஸ்டூல்மேல் பெட்டி அடுக்கும் கடைகள் கடைசிப் பக்கத்தில்.

இப்படிக்கு,
உங்கள் சட்டமன்ற உறுப்பினர்