காலை ஏழே முக்கால் மணிக் கூட்டம்: கட்டுமானத் தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களை நடத்தும் திட்ட மேலாளர்களுக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும், அவர்களிடம் கணக்குக் கேட்கும் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

வேலை தொடங்குமுன் தளத்து வாசலில் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டத்தைப் பற்றியது இந்த மடல். உங்கள் அலுவலகக் கூட்டங்களுக்குக் குளிரூட்டி உண்டு, நிகழ்ச்சி நிரல் உண்டு, காப்பியும் உண்டு. துவாஸ், சுங்கை காடுட் தங்குவிடுதிகளிலிருந்து விடியுமுன் எழுந்து லாரியில் வந்து இறங்குகிறவர்களுக்கு நாள் முழுதும் இது ஒன்றுதான் கூட்டம். "ஆட்களுக்கு ஊக்கம் கொடுங்கள்" என்று மேலிடத்திலிருந்து சொல் வந்தால், மறுநாள் காலை ஒலிபெருக்கி வருகிறது. கூடவே முழக்கம். கையை உயர்த்தி "சேஃப்டி ஃபர்ஸ்ட்" என்று மூன்று முறை கத்தவைத்தால் தூக்கம் கலையும், ஊக்கம் வராது.

பின்வரிசையில் நிற்பவர் நேற்று ஒரு குறையைச் சொன்னார், இன்று அது சரியாகியிருக்கிறது. அதைத் தன் கண்ணால் பார்க்கும் இடத்தில்தான் அவருக்கு வேலையிலும் உங்கள்மீதும் பிடிப்பு வருகிறது. காலைக் கூட்டத்தை இதைச் சுற்றி அமையுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இப்போது பல தளங்களில் நடப்பது வேறு. நூறு, நூற்றிருபது பேரை ஒன்றாக நிறுத்துகிறார்கள். பாதுகாப்பு அதிகாரி ஆங்கிலத்தில் நான்கு நிமிடம் பேசுகிறார். அது தமிழில், "ஹெல்மெட் போடு, ஹார்னஸ் போடு, பாத்து வேலை செய்" என்று ஒரே வரியாகச் சுருங்குகிறது. அடுத்து வங்காளம், அதற்கடுத்துச் சீனம். மூன்றாவது மொழி முடிவதற்குள் முதல் குழு கைப்பேசிக்குப் போய்விடும். இதற்கிடையே கையெழுத்துத் தாள், நூலில் கட்டிய பேனாவோடு, வரிசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. பேச்சு பாதிகூட முடிந்திருக்காது, தாள் நிறைந்துவிடும். ஒருவரே மூன்று பேருக்குப் போடுவதும் உண்டு. கடைசியில் "புரிஞ்சுதா?" என்ற கேள்வி, "புரிஞ்சுது பாஸ்" என்ற பதில். அந்தப் பதிலுக்கு ஒரு பொருளும் கிடையாது. எந்தக் கேள்விக்கும் அதே பதில்தான்.

பொது அறிவிப்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அது முடிந்ததும் வேலைவாரியாக, மொழிவாரியாகப் பதினைந்து இருபது பேராகப் பிரித்துவிடுங்கள். சாரம் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், கம்பி கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், கிரேனில் பாரம் தூக்கும் வேலைக்காரர்கள் ஒரு பக்கம். பேசவேண்டியவர் அன்று அவர்களோடு நிற்கப்போகும் சூப்பர்வைசர். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கூட்டம் போடாதீர்கள். வெயில் பேசுகிறவர் முகத்தில் அடிக்கட்டும், கேட்பவர் முதுகில் விழட்டும். இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பவர் காதையும் சுருக்கிக்கொள்கிறார். கையெழுத்து கடைசியில், அவரவர் கையால். எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு வேலையைப் பற்றிப் பேசுங்கள். ஆபத்தான வேலைகளுக்குத் தரும் அனுமதித் தாளான பெர்மிட்டில், அன்றைக்கு எது ஆபத்தானதோ அது. பட்டியல் வாசிப்பதைவிட ஒன்றைக் காட்டுவது மேல். உதாரணத்துக்கு, ஹார்னஸ் (உயரத்தில் வேலை செய்பவர் உடலில் மாட்டும் பாதுகாப்பு வார்) போட்டும் ஏன் விழுந்தவர் தரையில் மோதுகிறார் என்பதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம், அளவு நாடா இருந்தால் மூன்று நிமிடம் போதும். நாடாவைத் தரையில் நீட்டுங்கள். கால் மட்டத்தில் கொக்கி மாட்டியிருப்பதாக வைத்துக்கொண்டு, மாட்டிய இடத்திலிருந்து ஹார்னஸ் வரை கயிற்றின் நீளம் 2 மீட்டர். விழும்போது கயிற்றில் உள்ள அதிர்ச்சி தாங்கும் பை கிழிந்து நீள்வது சுமார் 1.75 மீட்டர் வரை. கயிறு சேரும் முதுகு வளையத்திலிருந்து கால் வரை இன்னொரு 1.5. அதற்குக் கீழே விட்டுவைக்க வேண்டிய இடைவெளி 1 மீட்டர். கூட்டினால் 6 மீட்டருக்கு மேல் வருகிறது. இனி நான்கு மீட்டர் உயரத்தில், கால் மட்டத்தில் கொக்கி மாட்டி வேலை செய்பவரைக் கூப்பிட்டு, நாடாவின் நான்காவது மீட்டரில் நிற்கச் சொல்லுங்கள். மீதியை அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். "தலைக்கு மேல மாட்டு" என்று அதன்பிறகு நீங்கள் கத்தவேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் அவரே சொல்வார். முழக்கத்தால் வராத ஊக்கம் இப்படித்தான் வருகிறது: தன் உயிரைத் தன் மூளையால் காக்க முடியும் என்று ஒருவருக்குத் தெரியும்போது.

கேள்வியையும் மாற்றுங்கள். "புரிஞ்சுதா?" வேண்டாம். "தம்பி, இன்னிக்கு மூணாவது மாடியில நீ கொக்கிய எங்க மாட்டப்போற?" என்று ஒருவரிடம் கேளுங்கள். பதில் சொல்ல அவர் யோசிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பத்து விநாடி மௌனம் பேசுகிறவருக்குத்தான் சங்கடம். அங்கே மாட்ட இடமே இல்லை என்பது வெளிவருவது பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான்.

அடுத்தது நோட்டு. ஐம்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று, மூன்று நெடுவரிசை: என்ன சொன்னார்கள், யார் பொறுப்பு, என்றைக்கு முடிந்தது. சொன்னவர் பெயர் எழுதவேண்டாம். மறுநாள் கூட்டம் அந்த நோட்டை வாசிப்பதில்தான் தொடங்கவேண்டும். "நேத்து இரண்டாவது படிக்கட்டுப் பக்கம் கைப்பிடி ஆடுதுன்னு சொன்னீங்க. ராத்திரி கட்டியாச்சு. போகும்போது ஆட்டிப் பாருங்க." இவ்வளவுதான். உடனே செய்ய முடியாததாக இருந்தால் காரணத்தையும் தேதியையும் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்ற சொல் அந்த நோட்டில் வரக்கூடாது.

நோட்டு வைத்தும் பல தளங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. காரணம் கூச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்புக்கணக்கு. துணைக் குத்தகைக்காரரின் ஆள் ஒருவர், முதன்மைக் குத்தகைக்காரரின் சூப்பர்வைசரிடம் ஒரு குறையைச் சொல்கிறார். அது அதிகாரிக்குப் போகிறது, அவர் துணைக் குத்தகைக்காரரைக் கடிந்துகொள்கிறார், மாலையில் லாரி ஏறும்போது குறை சொன்னவரிடம் அவருடைய முதலாளி கேட்கிறார்: "எங்கிட்ட சொல்லாம அவங்க முன்னாடி ஏன் சொன்ன?" ஊரில் ஏஜண்டுக்குக் கொடுத்த பணத்தின் கடன் இன்னும் தீரவில்லை, வேலை அனுமதியோ முதலாளி கையில். அடுத்த முறை அவர் பேசுவாரா? அவர் மட்டுமல்ல, அந்த லாரியில் இருந்த எவரும் பேசமாட்டார். ஆகவே குறை வந்தால் அதைப் பொருளைப் பற்றிய செய்தியாக மட்டுமே கீழே அனுப்புங்கள்: கைப்பிடி ஆடுகிறது, கட்டுங்கள். யார் சொன்னது என்று கேட்கும் துணைக் குத்தகைக்காரருக்கு உங்கள் பதிலும் அதே வரியாக இருக்கட்டும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார அதிகாரிகளிடம் தகவல் சொன்னதற்காக ஓர் ஊழியரை நீக்குவதைச் சட்டமே தடைசெய்கிறது என்பதையும் அவருக்கு நினைவூட்டலாம்.

பேச்சு மேலே போகாவிட்டால் என்னவாகும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய குழி சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். சரிந்தது பிற்பகல் மூன்றரை மணியளவில். ஆனால் காலையிலேயே குழிக்குள் சத்தம் கேட்டிருந்தது, தாங்குசட்டங்களின் இணைப்புகள் வளைவதும் கண்ணில் பட்டிருந்தது. சுவர் நகர்வதைக் கருவிகள் அதற்கு முன்பே காட்டியிருந்தன. அந்த ஆண்டின் விபத்துகளைத் தொடர்ந்துதான் 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. 2022இல் வேலையிட மரணங்கள் 46ஆக ஏறியபோது, அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து கடுமையான கண்காணிப்புக் காலம் அறிவிக்கப்பட்டது. தலைமை நிர்வாகிகளின், இயக்குநர்களின் கடமைகளைச் சொல்லும் நடைமுறைக் கோவையும் அக்டோபரில் வந்தது. மரணங்கள் 2023இல் 36, 2024இல் 43. கண்காணிப்பு இருந்தால் இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. கண்காணிப்பு வெளியிலிருந்து வருவது. நோட்டு உள்ளேயே இருப்பது.

பரிசளிப்பு பற்றியும் சொல்லவேண்டும். "விபத்தில்லாத 500 நாள்" பலகையும் விருந்தும் நல்ல எண்ணத்தில் செய்யப்படுபவை. ஆனால் 480ஆவது நாளில் விரல் நசுங்கியவர் அதை மறைத்துக்கொண்டு வேலை செய்கிறார், சக ஊழியர்களே அவரை மறைக்கச் சொல்கிறார்கள். விருந்து போய்விடுமே! சொன்ன குறைகளின் எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தாலும் கெடும். "தரையில் தண்ணீர்" என்றே முப்பது வரும். சரிசெய்து முடித்த குறைக்குக் கொடுங்கள், அதுவும் குழுவுக்கு. இருபது வெள்ளி ஃபேர்பிரைஸ் பேரங்காடிப் பற்றுச்சீட்டு போதும்.

கூட்டத்தின் ஊக்கத்தைக் கொல்வது பெரும்பாலும் கூட்டத்தில் நடப்பதில்லை. ஏழே முக்காலுக்கு "அவசரப்படாதீங்க" என்கிறார் மேலாளர். ஒன்பது மணிக்கு அவரே வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "கான்கிரீட் லாரி வந்தாச்சு, இன்னும் ஏன் ரெடியாகல?" அந்தச் செய்தி சூப்பர்வைசருக்குத்தான் வருகிறது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே இருபது பேருக்கும் விளங்கிவிடும். வெப்பத்துக்கும் இதே கதை. வெளிப்புறத்தில் டபிள்யூபிஜிடி அளவு (வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துப் பார்க்கும் வெப்ப அளவு) 32 டிகிரியைத் தொட்டால் கடினமான உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு, 33இல் பதினைந்து நிமிடம் என்று மனிதவள அமைச்சு வைத்திருக்கிறது. அளவை யார் பார்ப்பார், விசில் யார் ஊதுவார் என்று காலையிலேயே பெயர் சொல்லுங்கள். விசில் ஊதும்போது மேலாளரும் நிழலுக்கு வந்து தண்ணீர் குடித்தால், அதற்கு மேல் ஓய்வைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

திட்ட மேலாளர்களே, வாரத்துக்கு ஒருநாள் வாருங்கள். மேடையில் ஏறாமல், படம் எடுக்க ஆள் கூட்டி வராமல், பின்வரிசையில் நில்லுங்கள். கூட்டம் முடிந்ததும் நோட்டை வாங்கி ஒரு வரியை எடுத்து, அந்த இடத்துக்கே நடந்துபோய்க் கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள். இயக்குநர்களே, மாதாந்தர முன்னேற்றக் கூட்டத்துக்கு வரைபடங்களோடு அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மாதம் முழுதும் அது வெறுமையாக இருந்தால், தளத்தில் குறையே இல்லை என்று மகிழவேண்டாம். லாரியில் என்ன பேசப்படுகிறது என்று விசாரிக்க வேண்டிய மாதம் அது.

இப்படிக்கு,
காலைக் கூட்டங்களில் தமிழில் பேசும் சூப்பர்வைசர்கள், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்கள் சிலர்
சிங்கப்பூர்