‘தி ஸ்ட்ராட்’ இதழுக்கு ஒரு திறந்த மடல்: இன்று செய்யும் வயலின்களையும் அளந்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் வாசிக்கும் நாங்கள் உங்கள் மாத இதழுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1890-இல் லண்டனில் தொடங்கிய பத்திரிகை. இன்றும் பட்டறைக்காரரையும் மேடைக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறது. ஒருவர் தன் தொழில் நுணுக்கத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். அடுத்த சில பக்கங்களில் இன்னொருவர், ஒரு சொனாட்டாவை எந்த விரலில் எடுப்பது, வில்லை எங்கே திருப்புவது என்று தன் கைக்குறிப்புகளையே காட்டுகிறார். இதை விடாமல் படித்து வருகிற உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

உயிரோடு இருக்கும் கைவினைஞர்களின் கருவிகளையும், ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி போன்றோர் சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் கிரெமோனா ஊரில் செய்த பழைய கருவிகளுக்குக் காட்டும் அதே சிரத்தையோடு அளந்து, அசல் அளவு போஸ்டராக வெளியிடுங்கள். ஆண்டுக்கு ஒன்றாவது, தவறாமல்.

உங்கள் போஸ்டர்களின் அருமை அவற்றை மேசையில் விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வயலினின் முகமும் முதுகும் பக்கவாட்டும் உள்ளது உள்ள அளவிலேயே ஒரு பக்கம், திருப்பினால் எண்கள். உடலின் நீளம் 355 மில்லிமீட்டரை ஒட்டி. மேல்பலகை எங்கே இரண்டரை, எங்கே மூன்று. முதுகுப்பலகை நடுவில் நாலரை வரை தடித்து, ஓரத்தை நோக்கி எப்படி மெலிகிறது. மேல்பலகையில் f எழுத்து வடிவில் வெட்டிய எஃப் துளைகளின் மேல் கண்கள் இரண்டுக்கும் நடுவே கவராயத்தை வைத்து அளவெடுத்து, அதே விரிப்போடு என் வயலின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் தந்திகளைத் தாங்கும் குதிரையின் கால்கள் எங்கே ஊன்றும், உள்ளே மேல்பலகைக்கு அடியில் ஒட்டிய பாஸ் பார் என்ற மரச்சட்டம் எந்த வழியில் ஓடும் என்பதெல்லாம் அந்த இடைவெளியை ஒட்டித்தான் அமையும். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள்ளும் வங்கிப் பெட்டகத்திலும் இருந்த கருவிகளை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தது அந்தக் காகிதம்.

அதனால்தான் எதை அளக்கிறீர்கள் என்பது சின்ன விஷயமில்லை. அளந்து அச்சானதைத்தான் பட்டறைகள் பின்பற்றுகின்றன; மாணவர்கள் அதைத்தான் உச்சம் என்று நம்பி வளர்கிறார்கள்.

பழையதே உச்சம் என்ற அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தாயிற்று. ஒலியியல் ஆய்வாளர் கிளாடியா ஃப்ரிட்ஸும் வயலின் செய்பவரான ஜோசப் கர்ட்டினும் குழுவாக நடத்திய சோதனைகளை நீங்கள் நன்றாக அறிவீர்கள். 2010-இல் இண்டியானாபோலிஸில் 21 கலைஞர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு மூன்று புது வயலின்களையும், இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி டெல் ஜெசூ என மூன்று பழையவற்றையும் வாசித்தார்கள். அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புதிய வயலின். எல்லாவற்றிலும் பின்தங்கியது ஒரு ஸ்ட்ராடிவாரி. 2012-இல் பாரிஸ் அருகே நடந்ததில் பத்து தனிக்கலைஞர்கள். ஆறு பேர் கச்சேரிப் பயணத்துக்குப் புதியதைத்தான் எடுத்தார்கள். எது பழையது, எது புதியது என்று கேட்டபோது வந்த பதில்கள் குருட்டாம்போக்கு ஊகத்தைத் தாண்டவில்லை. அரங்கில் உட்கார்ந்து கேட்டவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. அங்கும் புதியவையே நன்றாக எட்டின.

இதைக் கொண்டு ஸ்ட்ராடிவாரியைக் கீழே இறக்க எனக்கு மனமில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 1716-ஆம் ஆண்டு வயலின் ‘மெசையா’வின் படத்தை மணிக்கணக்கில் பார்க்கிற ஆள் நான். ஆனால் இன்று மேடையில் ஒலிக்கும் பழைய வயலின் அவர் கையிலிருந்து இறங்கிய வயலின் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலானவற்றின் கழுத்தை மாற்றி நீட்டினார்கள், பாஸ் பாரைப் பெரிதாக்கினார்கள், ஆட்டுக்குடல் தந்தி இருந்த இடத்தில் பின்னாளில் உலோகமும் செயற்கை இழையும் ஏறின. அந்த ஒலியில் பாதிப் புண்ணியம் பெயர் தெரியாத பழுதுபார்ப்பவர்களுக்குச் சேர வேண்டும்.

விலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘லேடி பிளண்ட்’ என்ற ஸ்ட்ராடிவாரி வயலின் 2011-இல் 1.59 கோடி டாலருக்குப் போனது. வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்னுக்காக சாமுவேல் ஜிக்மன்டோவிச் செய்த வயலின் ஒன்று 2003-இல் 1,30,000 டாலருக்கு விற்றபோது, உயிரோடு இருப்பவர் செய்த கருவிக்கு அதுவே சாதனை விலையாகப் பேசப்பட்டது. இந்த இடைவெளியை ஒலியால் விளக்க முடியாது. இசைக்கல்லூரி முடித்து வெளியே வரும் இளைஞருக்கு, அறக்கட்டளை ஏதாவது இரவல் கொடுக்காவிட்டால் உன் எதிர்காலம் அவ்வளவுதான் என்ற பயம் பிடிக்கிறது. ஜெர்மன் வயலின் கலைஞர் கிறிஸ்டியன் டெட்ஸ்லாஃப் ஆண்டுக்கணக்கில் ஷ்டெஃபான்-பீட்டர் கிரைனர் செய்த வயலினில்தான் உலக மேடைகளில் வாசிக்கிறார் என்பது அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. உயிரோடு இருப்பவரைத் தேர்ந்தெடுத்தால் விளம்பரம் என்பார்கள், வேண்டியவருக்குச் செய்தது என்பார்கள். அதற்கு வழி இருக்கிறது. குறைந்தது பத்து ஆண்டுகள் ஒரு கலைஞர் தினமும் வாசித்த கருவியாக மட்டும் எடுங்கள். செய்தவர் விண்ணப்பிக்கக் கூடாது; வாசிப்பவர்கள்தான் பரிந்துரைக்க வேண்டும். அளப்பது மூன்றாம் கையாக இருக்கட்டும்.

பழைய கருவியால் தரவே முடியாத ஒன்றும் இதில் கிடைக்கும். செய்தவரிடமே கேட்கலாம். ஸ்ப்ரூஸ் மரம் எப்போது வெட்டியது, எத்தனை ஆண்டு காய்ந்தது, வார்னிஷில் என்ன போட்டார், முதல் ஐந்து ஆண்டுகளில் கழுத்து இறங்கியதா, உள்ளே இரு பலகைகளுக்கும் நடுவே நிற்கும் சிறு மரக்குச்சியான சவுண்ட் போஸ்ட்டை எத்தனை தரம் நகர்த்தினார். ஸ்ட்ராடிவாரி விஷயத்தில் இவற்றை மர வளையங்களை எண்ணியும் வார்னிஷைச் சுரண்டி ஆய்ந்தும் ஊகிக்கிறோம். இங்கே ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அதுவும் அவர் இருக்கும்போதே.

வில்லையும் மறந்துவிடாதீர்கள். வில் செய்யும் பெர்னம்புகோ மரம் 2007 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வேறு மரங்களில் செய்யும் நல்ல வில்களின் கனமும் சமநிலைப் புள்ளியும் நெகிழ்வும் எண்களாக அச்சில் வந்தால் மற்றவர்கள் துணிந்து வாங்குவார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், வயோலாவிலிருந்து. ஸ்ட்ராடிவாரி செய்த வயோலாக்களில் மிஞ்சியிருப்பவை ஒரு டஜன் அளவுதான். வயலினுக்கு இருப்பது போல இதற்கு ஒரே அளவு என்பதும் இல்லை. உடல் 38 சென்டிமீட்டரிலிருந்து 43-ஐத் தாண்டியும் போகும். பெரிதானால் தோள் வலி, சிறிதானால் சி தந்தியில் அடிக்குரல் எழும்பாது. இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டி, தோள்பட்டையைச் சரித்தும் விலாவை உயர்த்தியும் வழி கண்டுபிடித்தவர்களில் பலர் இப்போது வேலை செய்துகொண்டிருப்பவர்கள். முதல் போஸ்டரில் அவர்களில் ஒருவரின் வயோலா வரட்டும்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்