பூனைக்குச் சர்க்கரை நோய்: மருந்துச் சீட்டோடு ஒரு தமிழ்க் குறிப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வளரும் பூனைக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகு, முதல் சில வாரங்களில் அந்த வீட்டார் படும் திண்டாட்டத்தைப் பற்றித் தங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவன். கடந்த ஆண்டு முதல் எங்கள் வீட்டுப் பூனைக்கும் போட்டு வருகிறேன். இந்த நோய் சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படக்கூடியது. ஆனால் அந்தச் சிகிச்சையை வீட்டில் எப்படி நடத்துவது என்பதைத் தமிழில் எழுதித் தருவார் யாரும் இல்லை. என் குறை இது ஒன்றுதான்.

நடுவயதைக் கடந்த, உடல் பருத்த, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. எங்கள் பூனையும் அந்த வகைதான். தோல் அரிப்புக்காக நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போடப்பட்ட பூனைகளுக்கும் இது வருவதுண்டு என்பதால், அப்படி ஏதேனும் போட்டிருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும், மணல் தட்டில் பெரிய பெரிய கட்டிகளாகச் சிறுநீர் சேர்வதும், நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போவதும் முதல் அடையாளங்கள். மொட்டைமாடியிலோ முற்றத்திலோ பூனை சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. நோய் முற்றிய சில பூனைகள் பின்னங்கால்களின் நரம்பு பாதிக்கப்பட்டு, விரல்களில் நடக்காமல் குதிகால் தரையில் படும்படி நடக்கும். வயதாகிவிட்டது, அதனால்தான் தாவ மாட்டேன் என்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் இந்த நடை பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடுகிறது.

நோயை உறுதி செய்வதில் பூனைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கும் கூடத்தில் உட்கார வைத்து எடுக்கும் இரத்தத்தில், பயத்தினாலேயே சர்க்கரை மிக உயர்ந்து நிற்கும். நோயே இல்லாத பூனைக்கும் 300 மில்லிகிராம் வரை காட்டக்கூடும். ஆகவே ஒரே ஒரு சோதனையை நம்பி ஊசியைத் தொடங்கிவிட முடியாது. கடந்த இரண்டு மூன்று வாரங்களின் சராசரி நிலையை உணர்த்தும் ஃப்ரக்டோசமைன் சோதனையோ, பூனை வீட்டில் அமைதியாக இருக்கும்போது சில நாள்கள் தொடர்ந்து பார்க்கும் சிறுநீர்ச் சோதனையோ உடன் வேண்டும். இதைக் கேட்டுப் பெறும் உரிமை பூனை வளர்ப்பவருக்கு உண்டு என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

நோய் உறுதியானதும் எல்லோரும் சொல்வது, "இனி ஆயுள் முழுக்க ஊசிதான்" என்பது. நாய்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மை. அவற்றுக்கு வருவது இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் வகை. பூனைகளுக்கு வருவதோ பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. உடலில் இன்சுலின் வேலை செய்யாமல் போவதில் தொடங்கி, உயர்ந்த சர்க்கரையே கணையத்தின் செல்களை மேலும் முடக்கிப் போடுகிறது. அந்தச் சர்க்கரையைச் சில மாதங்கள் இறக்கி வைத்தால், முடங்கிய செல்களில் ஒரு பகுதி மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். ஆரம்பத்திலேயே கிளார்ஜின் போன்ற நீண்ட நேர இன்சுலினும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் கிடைத்த பூனைகளில் கணிசமானவை ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. பிறகும் நோய் மீண்டும் தலைகாட்டலாம். உணவுக் கட்டுப்பாடும் அவ்வப்போது சோதனையும் தொடர்ந்தாக வேண்டும். ஆனாலும் "ஆயுள் முழுக்க" என்ற ஒரு சொல்லைக் கேட்டே மனம் தளர்ந்து, பூனையைக் கொண்டுபோய் மீன் சந்தையில் விட்டுவிட்டு வருவோரும் இருக்கிறார்கள்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டு மருந்துக் கடைகளில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் விற்கப்படுகிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்ட குப்பிகள் ஒரு வகை, 100 யூனிட் கொண்டவை மற்றொரு வகை. முதல் வகைக்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சும், இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்சும் உரியவை. கால்நடை மருத்துவர்கள் பூனைக்கு எழுதும் கிளார்ஜின் பெரும்பாலும் 100 யூனிட் வகை. எங்கள் ஊர்க் கடையொன்றில் எனக்கு 100 யூனிட் கிளார்ஜினையும் சிவப்பு மூடி சிரிஞ்சையும் ஒரே உறையில் போட்டுத் தந்தார்கள். அந்தச் சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை மருந்தை இழுத்தால், உள்ளே வருவது இரண்டரை யூனிட். நான்கைந்து கிலோ எடையுள்ள பூனைக்கு மருத்துவர்கள் தொடக்கத்தில் எழுதுவதே பொதுவாக ஒரு வேளைக்கு ஒரு யூனிட் அளவுதான் என்னும்போது, இந்த இரண்டரை மடங்கு அதன் உயிருக்கே உலை வைக்கும். மூடியின் நிறம் எனக்குப் பழக்கமானது என்பதால் உடனே மாற்றிக் கேட்டேன். இன்சுலினையே அறியாத ஒருவர் அந்த உறையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். வெளிநாடுகளில் விலங்குகளுக்கென்றே விற்கப்படும் இன்சுலின்கள் சில 40 யூனிட் வகையைச் சேர்ந்தவை. அந்நாட்டு விளக்கப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே சிரிஞ்சு வாங்குவோருக்கும் இதே ஆபத்து காத்திருக்கிறது.

சிரிஞ்சு சரியாக இருந்தாலும் ஒரு யூனிட் என்பது கண்ணுக்கு எட்டாத அளவு. அரை யூனிட்டுக்கும் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். மனிதர்கள் பயன்படுத்தும் பேனா ஊசிகளில் பல, ஒவ்வொரு யூனிட்டாகவே நகர்பவை. பூனைக்கோ கால், அரை யூனிட் ஏற்றி இறக்க வேண்டிவரும். 10 மில்லி குப்பியில் 1,000 யூனிட் இருப்பதால், நாளுக்கு இரண்டு யூனிட் செலவாகும் வீட்டில் பெரும்பகுதி வீணாகும். 3 மில்லி அளவில் வாங்கிப் பயன்படுத்த இயலுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது கைப்பணத்தை மிச்சப்படுத்தும். கிளார்ஜினைக் குலுக்கக் கூடாது, வேறெதனோடும் கலக்கக் கூடாது, உறைய விடக் கூடாது. நம் ஊர்க் கோடையில் குளிர்பெட்டிக்கு வெளியே விட்டு வைக்கவும் கூடாது.

நம்மூர்களில் இந்த நோய்க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது வீட்டு மருந்துப் பெட்டி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள். ஆகவே பூனைக்கு நோய் என்றதும், தாத்தாவின் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. மெட்ஃபார்மின் பூனைக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை; வாந்தியும் பசியின்மையும்தான் மிஞ்சும். கிளிமெபிரைடு கலந்த மாத்திரையோ சர்க்கரையைத் திடீரென்று சரித்துவிடக்கூடும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மருந்துகளில் பூனைக்கென்றே உருவான ஒன்றுக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரிலும் மற்றொன்றுக்கு 2023இலும் ஒப்புதல் அளித்தது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு அவை ஆகாது. இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்து உயிராபத்து நேரக்கூடும் என்ற எச்சரிக்கையோடுதான் அவை விற்கப்படுகின்றன. மனிதருக்கான அதே இன மாத்திரையை நாமாகவே உடைத்துக் கொடுப்பது எந்த வகையிலும் தகாது. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் பூனையின் வாயைப் பிளந்து கசப்புக் கஷாயம் ஊற்றினால் அது உணவையும் சேர்த்து வெறுத்துவிடும். பருத்த பூனை சில நாள்கள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து புதிய நோய் வரும்.

உணவு விஷயத்தில்தான் நம் வீடுகள் அதிகம் மாற வேண்டியிருக்கிறது. பூனை முழுக்க முழுக்க இறைச்சி உண்ணும் பிராணி. தயிர்ச்சோறும் பாலும் பிஸ்கெட்டும் அதன் உடலுக்கு ஏற்றவையல்ல. நோய் வந்த பிறகு அவை மருந்தின் வேலையைக் கெடுப்பவை. மீனைக் கொடுத்தாலும், மீன் வாசனை ஏறிய சோற்றையே நிறையக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடையில் விற்கும் உலர் தீவனத்தை உருண்டையாகப் பிடிக்கவே மாவு தேவை. பொட்டலத்தில் புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம் ஆகியவற்றைப் பெரும்பாலும் அச்சிடுகிறார்கள். மாவுச்சத்தை மட்டும் அச்சிடுவதில்லை. அச்சிட்ட விழுக்காடுகளைக் கூட்டி, சாம்பல் சத்துக்கு ஏறத்தாழ 8 சேர்த்து, 100இலிருந்து கழித்தால் மீதியே மாவுச்சத்து. புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10 என்று போட்டிருக்கும் பொட்டலத்தில் மாவுச்சத்து 38 விழுக்காடு என்று கணக்கு வரும். நோயுற்ற பூனைக்கு மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்தத்தில் 12 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் பலர் கொள்ளும் அளவு. பெரும்பாலான உலர் தீவனங்கள் அதை எட்டவே முடியாது. ஈரத் தீவனமோ, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியோதான் வழி. வெறும் கோழிக்கறியையே நெடுநாள் கொடுத்தால் டாரின், சுண்ணாம்புச் சத்து போன்றவை குறையும் என்பதால் அதற்கும் மருத்துவரின் ஆலோசனை வேண்டும். சைவ உணவு சமைக்கும் வீடுகளில் இது சங்கடமான பேச்சு என்பதை அறிவேன். எங்கள் வீட்டிலும் அடுக்களைக்குள் வராமல், பின்கட்டில் தனித் தட்டு வைத்துத்தான் இது நடக்கிறது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசி நடந்துகொண்டிருக்கும்போது உணவை ஒரே நாளில் மாற்றிவிட்டால், அதே அளவு இன்சுலின் அதிகமாகிவிடும். மருந்தளவையும் உணவையும் ஒன்றாகவே, மருத்துவர் சொற்படி மாற்ற வேண்டும்.

சர்க்கரை தாழ்ந்துபோவதே வீட்டில் நேரக்கூடிய அவசர நிலை. பூனை தள்ளாடும், சுருண்டு கிடக்கும், அழைத்தால் திரும்பாது, சில வேளைகளில் வலிப்பும் வரும். தேனையோ தண்ணீரில் கரைத்த குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும். நினைவிழந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சாப்பிட மறுத்த வேளையில் வழக்கமான அளவு ஊசியைப் போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். போட்டாயிற்றா இல்லையா என்ற ஐயம் எழுந்தால் அந்த வேளையை விட்டுவிடலாம். ஒரு வேளை தவறுவதால் பெரிய கேடில்லை, இரண்டு முறை விழுவதுதான் கேடு. 12 மணி நேர இடைவெளியில் நாளுக்கு இரண்டு ஊசி என்பதால், கூட்டுக் குடும்பத்தில் அம்மா போட்டதைத் தெரியாமல் மகனும் போட்டுவிட வாய்ப்பு நிறைய. தினசரிக் காலண்டர் தாளில் போட்டவர் கையெழுத்திடுவது எங்கள் வீட்டு வழக்கம். காது மடலின் ஓரத்தில் மெல்லக் குத்தி வீட்டிலேயே சோதிக்கவும் பழகலாம். ஆனால் மனிதருக்கான கருவிகள் பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் குறைத்தே காட்டுபவை. அந்த எண்ணைக் கொண்டு நாமாக மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஊசி போடுவது நினைப்பதுபோல் கடினமல்ல. ஊசி முனை மெல்லியது. தோலை லேசாகத் தூக்கிப் பிடித்து, பூனை தின்றுகொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போவதுதான் உண்மையான பிரச்சினை. பூனைக்காக யாரேனும் ஒருவர் வீட்டில் தங்குகிறார் என்று சொன்னால் சிரிக்கும் உறவினர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. பக்கத்து வீட்டார் ஒருவருக்கேனும் ஊசி போடக் கற்றுக்கொடுத்து வைப்பது நல்லது.

மேற்சொன்னவை யாவும் மருத்துவர்களுக்குத் தெரிந்தவையே. ஆனால் கூட்டம் நெரியும் மருத்துவமனையில் ஐந்து நிமிடத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படும்போது, அதிர்ச்சியில் இருப்பவர் மனத்தில் எதுவும் தங்குவதில்லை. கையில் தரப்படும் தாள்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் கால்நடை பராமரிப்புத் துறையும் இணைந்து, மூடியின் நிறத்தைப் படமாகக் காட்டும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை அச்சிட்டு, வேப்பேரி மருத்துவமனை முதல் மாவட்டப் பன்முக மருத்துவமனைகள் வரை மருந்துச் சீட்டோடு சேர்த்துத் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மருந்துக் கடைக்காரர்கள் இன்சுலின் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் சிரிஞ்சின் யூனிட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கினால், பூனைகளோடு மனிதர்களுக்கும் அது பாதுகாப்பு.

இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஃப்ரெடரிக் பான்டிங்கின் பிறந்த நாளான நவம்பர் 14, உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1921இல் டொராண்டோவில் அவரும் சார்லஸ் பெஸ்ட்டும் அந்த மருந்தை முதலில் சோதித்துப் பார்த்தது நாய்களிடம்தான். ஆண்டுதோறும் அந்த நாளையொட்டித் தாங்கள் வெளியிடும் மருத்துவப் பக்கத்தில், கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு இது குறித்து அரைப் பக்கமாவது எழுதச் செய்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.