ஒரு கேம், இரண்டு வீடு, ஒரே குடும்பம்

வீடியோ கேம் நிறுவனங்களில் குடும்பப் பகிர்வு விதிகளை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஒரு கேமைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால், ஒரு நேரத்தில் ஒருவர் என்ற கணக்கில் எங்கள் குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் அதை விளையாட முடிய வேண்டும். அந்தக் குடும்பம் ஒரே கதவு எண்ணில் இருக்கிறதா, ஒரே வைஃபையில் இருக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

நாங்கள் இங்கே கீழே, அம்மாவும் தம்பி குடும்பமும் மேலே ஏற்காட்டில். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. ரேஷன் கார்டு இரண்டுதான், ஆனால் நல்லது கெட்டது எல்லாம் ஒன்றாகத்தான் நடக்கும், லீவு விட்டால் பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எனக்கே போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும். டிஸ்க்கில் கேம் வாங்கியபோது எந்தத் தொந்தரவும் இல்லை. மேலே போகிற பையில் தட்டுவடைப் பொட்டலத்தோடு டிஸ்க் பெட்டியும் போகும். பெட்டிக்குள் பிள்ளைகள் ஒரு கோடு போட்ட தாளை மடித்து வைத்திருக்கிறார்கள், யார் எடுத்தது, எந்தத் தேதி, திருப்பிக் கொடுத்தாச்சா என்று. என் பையன் எழுத்துக்குக் கீழே தம்பி மகள் எழுத்து, அதற்குக் கீழே மறுபடி இவன். ஒரு டிஸ்க் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் ஓடவும் முடியாது, அதனால் உங்களுக்கும் நஷ்டம் இல்லை.

டவுன்லோடுக்கு மாறினதும்தான் வம்பே. போன மழையில் மேலே கரண்டு போய், கரண்டு வந்த பிறகும் நெட் வரவில்லை. தம்பி மகள் முன்பே இறக்கி வைத்திருந்த கேமைத் திறந்தால் உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. கேம் முழுசாக அவளுடைய மெஷினில் இருக்கிறது, காசு கட்டியாச்சு, இங்கே என் பையன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான், அதைத் தொடக்கூட இல்லை. அப்புறம் யாரைக் காப்பாற்ற அந்தப் பூட்டு? அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். வாங்கியவரும் விளையாடுகிறவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்டார்கள். என் பையனுக்கு மாமா மகள் என்று சொன்னதற்குப் பதிலே இல்லை.

உங்களில் சிலர் நல்லபடியாக மாறியிருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் முன்பெல்லாம் ஒருவர் ஏதாவது ஒரு கேமைத் திறந்தாலே அவருடைய மொத்த நூலகமும், அதாவது வாங்கி வைத்த எல்லாக் கேமும், மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். 2024 செப்டம்பரில் முழுமையாக வந்த ஸ்டீம் ஃபேமிலீஸ் என்ற குடும்பப் பகிர்வு முறையில் ஆறு பேர் வரை சேரலாம், ஒருவர் ஒரு கேம் ஆடும்போது இன்னொருவர் வேறு கேம் ஆடலாம், ஒரே கேமை இருவர் ஒன்றாக ஆட வேண்டுமென்றால் இரண்டு பிரதி வேண்டும். இதைவிட நியாயமான கணக்கு இருக்க முடியாது. ஆனால் அதிலும் ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய குடும்பம் என்று ஒரு நிபந்தனை, பெரியவர் ஒருவர் விலகினால் அவர் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருஷம் ஆகாமல் வேறு குடும்பத்தில் சேர முடியாது. கல்யாணம் ஆகி ஆறு மாசத்தில் புகுந்த வீட்டுக் குடும்பத்தில் சேர நினைக்கிற பெண் என்ன செய்வாள்? போதாததற்கு, என் கேமைப் பகிர்ந்து ஆடுகிற பிள்ளை அதில் ஏமாற்று வேலை செய்தால் அந்தக் கேமில் எனக்கும் தடை வரலாம். செய்தவன் கணக்கைத் தடை செய்யுங்கள், கொடுத்தவரை ஏன் தண்டிக்கிறீர்கள்?

நின்டெண்டோ கேம் நிறுவனம் 2025-ல் கொண்டுவந்த முறை எங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஒத்துவரும். டவுன்லோடு கேமையும் குடும்பக் குழுவில் ஒருவருக்கு 14 நாளுக்குக் கடன் கொடுக்கலாம், நாள் முடிந்ததும் தானாகத் திரும்பி வந்துவிடும். கொடுக்கும்போது இரண்டு மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சிலருக்குத் தொல்லை, எங்களுக்கு இல்லை, எப்படியும் பண்டிகைக்குச் சேர்ந்துவிடுவோம். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு கேம்தான் என்பதைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

மைக்ரோசாஃப்ட் 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் மெஷினை அறிவித்தபோது குடும்பத்தில் பத்துப் பேர் வரை கேம் நூலகத்தைப் பகிரலாம் என்றது. கூடவே 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை நெட்டில் வந்து அட்டெண்டன்ஸ் போட வேண்டும் என்றும் சொன்னது. ஜனங்கள் கொதித்தார்கள், ஜூன் 19-ஆம் தேதி அந்த நிபந்தனையைக் கைவிட்டபோது பத்துப் பேர் திட்டத்தையும் சேர்த்தே தூக்கிப் போட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. வேண்டாம் என்று கத்தியது பூட்டைத்தானே, பகிர்வை இல்லையே.

முன்பின் தெரியாத ஆறு பேர் சேர்ந்து குடும்பம் என்று சொல்லிச் செலவைப் பங்கு போடுவார்கள் என்பது உங்கள் பயம். அது வீண் பயம் இல்லை, சின்ன ஸ்டுடியோ ஒன்று மூன்று நான்கு வருஷம் உழைத்துச் செய்த கேம் நன்றாக விற்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. அதற்கு ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், ஒரு பிரதிக்கு ஒருவர் என்பதைக் கறாராகவே வையுங்கள். பகிர்ந்தால் விற்பனை போய்விடும் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஒரு கேமுக்கு இரண்டாவது பிரதி வாங்கினோம், ஏன் தெரியுமா, முதல் பிரதியைத் தம்பி மகள் ஆடிப் பழகி, இருவரும் சேர்ந்து ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால்தான். பகிர விடாமல் இருந்திருந்தால் அவளுக்கு அந்தக் கேமின் பேர்கூடத் தெரிந்திருக்காது.

இன்னொன்று. நாங்கள் வாங்குவது கேமை அல்ல, உரிமத்தை மட்டும்தான் என்றால் அதைக் காசு வாங்கும் முன் தெளிவாகச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் அப்படிச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே போடுகிற அறிவிப்பை இங்கே தமிழில் போடுங்கள், கூடவே இதை யாரோடெல்லாம் பகிரலாம், நெட் இல்லாமல் எத்தனை நாள் ஓடும் என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் மேலே போய்விடுவார்கள். ஒரே வீடு என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, ஒரு தடவை சரிபார்த்த கேம் இரண்டு வாரமாவது நெட் இல்லாமல் ஓடும்படி யார் முதலில் செய்கிறீர்களோ, எங்கள் இரண்டு வீட்டுக்கும் அடுத்த கேம் அவர்களிடம்தான். அதுவரைக்கும் டிஸ்க்கில் வருவதை மட்டும் வாங்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையிலிருந்து ஒரு அம்மா