துருநோய் முடிவு அறுவடைக்கு முன் வர வேண்டும்

கோதுமைத் துருநோய்க் கண்காணிப்பை நடத்துவோருக்கும், அதற்கு நிதி ஒதுக்குவோருக்கும், புதிய ரகங்களுக்கு ஒப்புதல் தருவோருக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

இந்தப் பருவத்தில் நாங்கள் அனுப்பிய, கோதுமைத் தண்டைத் தாக்கும் பூஞ்சை நோயான தண்டுத் துருவின் மாதிரிகள் அந்தப் பூஞ்சையின் எந்த இனத்தை (எந்த ரகங்களைத் தாக்கும் என்பதில் வேறுபடும் உட்பிரிவை) சேர்ந்தவை என்ற முடிவு, அறுவடை முடிந்து நிலத்தை மறுபடி உழுத பிறகே எங்களுக்கு வந்து சேர்ந்தது. கண்காணிப்பின் தேவையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் கோரிக்கை ஒன்றுதான்: மாதிரி எடுத்த பருவம் முடிவதற்குள் அதன் முடிவை வெளியிடுங்கள்.

தண்டில் செம்பழுப்புக் கொப்புளங்கள் வெடித்திருக்கும் வயலில் நிற்கும்போது உழவர் எங்களிடம் கேட்பது, மருந்து அடிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதைத்தான். அவர் வாங்கிய விதைப் பையில் ‘துருநோயைத் தாங்கும்’ என்று அச்சிட்டிருக்கிறது. தண்டுத் துருவையா, இலைத் துருவையா, மஞ்சள் துருவையா, அதிலும் எந்த இனத்தைத் தாங்கும் என்பது பையிலும் இல்லை, எங்கள் கையிலும் இல்லை. பூஞ்சைக்கொல்லியை நோய் பரவத் தொடங்கும்போதே தெளித்தால்தான் பலன் உண்டு. தண்டு முழுவதும் கொப்புளம் மூடிய பின் தெளிப்பது வீண்செலவு. ஆகவே அவர் கடன் வாங்கித் தேவையில்லாமல் மருந்து அடிக்கிறார், அல்லது ரகத்தை நம்பிச் சும்மா இருந்து பயிரை இழக்கிறார். இரண்டில் எது நடந்தாலும் அந்த இழப்பில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

இனத்தைக் கண்டறியக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். மாதிரியிலுள்ள பூஞ்சை வித்துகளை நோய்க்கு எளிதில் ஆட்படும் நாற்றுகளில் பெருக்கி, பிறகு வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்கள் கொண்ட கோதுமை வரிசைகளில் தூவி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அப்படியும் கணக்கு வாரங்களில்தான் வருகிறது. மாதங்களை விழுங்குபவை அனுமதிக் கடிதங்களும், ஆளில்லாத ஆய்வகங்களும், ஆண்டறிக்கைக்காக முடிவுகளை நிறுத்திவைக்கும் வழக்கமுமே. மஞ்சள் துருவுக்கென, கையடக்கக் கருவியால் மரபணு வரிசையைப் படித்துச் சில நாட்களிலேயே பூஞ்சையின் வகையைச் சொல்லும் முறை 2018-இலேயே எத்தியோப்பியாவில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. வழி இல்லை என்று இனியும் சொல்ல முடியாது.

தாமதத்தின் விலையும் நமக்குத் தெரியும். ரை (rye) என்ற தானியப் பயிரிலிருந்து கோதுமைக்கு வந்த எஸ்ஆர்31 என்ற ஒரே எதிர்ப்பு மரபணுவை உலகின் பல நாட்டு ரகங்கள் நம்பியிருந்த காலத்தில், 1998-இல் உகாண்டாவில் அதை முறியடித்த இனம் கண்டறியப்பட்டது. யூஜி99 என்று பெயர் பெற்ற அது, 2007-க்குள் ஏமனையும் ஈரானையும் எட்டியிருந்தது. அதை எதிர்கொள்ளவே உலகம் ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, 2013-இல் எத்தியோப்பியாவில் பரவலாகப் பயிரிடப்பட்ட டிகேலு ரகத்தை வேறொரு மரபுவழியைச் சேர்ந்த இனம் தாக்கி, பல வயல்களை வெறும் வைக்கோலாக்கியது. யூஜி99-க்குத் தாக்குப்பிடித்த ரகம்தான் அது.

கொள்ளைநோய் வந்த ஆண்டில் பணம் ஒதுக்குகிறீர்கள். இரண்டு ஆண்டு அமைதியாகக் கழிந்தால் திட்டக்காலம் முடிந்தது என்று பயிற்சி பெற்றவர்களை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். பூஞ்சைக்குத் திட்டக்காலம் கிடையாது. அந்த அமைதியே கண்காணிப்பால் கிடைத்தது என்பதை நிதிக்குழுக்களில் ஒருவரேனும் எடுத்துச் சொல்ல வேண்டாமா? தனியொரு மரபணுவை மட்டும் நம்பும் ரகத்துக்கு இன்றும் ஒப்புதல் கிடைப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? எல்ஆர்34, எஸ்ஆர்2 போன்ற எதிர்ப்பு மரபணுக்கள் நோயை முற்றாகத் தடுக்காமல் மெதுவாக்கினாலும் பல பத்தாண்டுகளாகப் பயன் தந்து வருகின்றன. அத்தகையவற்றைப் பிற மரபணுக்களோடு சேர்த்து வளர்க்கும் இனவிருத்தியாளர்களுக்கு உங்கள் ஆதரவு போதவில்லை.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது என்பதால், இப்போதே செய்யக்கூடியதைப் பணிவோடு மீண்டும் கேட்கிறேன். அடுத்த விதைப்புக்கு முன், ஒவ்வொரு ரகத்திலும் உள்ளதாக அறியப்பட்ட எதிர்ப்பு மரபணுக்களின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பயிர் நிற்கும்போதே, கண்டறிந்த இனத்தையும் அதற்கு ஆட்படும் ரகங்களையும், முழு அறிக்கைக்குக் காத்திராமல், களப்பணியாளர்களுக்குத் தெரிவியுங்கள். எந்தத் தேதிக்குள் இதைச் செய்வீர்கள் என்பதை எழுத்தில் உறுதிசெய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
துருநோய் மாதிரி சேகரிக்கும் களப்பணியாளர் ஒருவர்