எங்கள் மெஷின்களை நிற்க விடாதவர்களுக்கு

அன்புள்ள திருப்பூர் தொழில் சொந்தங்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறவள் நான். கட்டிங் முடித்து வரும் துணியைத் தைத்து, செக்கிங் பார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு வேலை கொடுத்துவந்த ஏற்றுமதியாளரின் சரக்கு பெரும்பாலும் அந்த நாட்டுக்குப் போவதுதான். தேதி வருவதற்கு முன்பே "கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்" என்று அங்கிருந்து தகவல் வந்துவிட்டது. வெட்டிய துணி கட்டுக் கட்டாகக் கிடந்தது. தைக்கச் சொல்ல ஆள் இல்லை.

இந்தத் தை மாதத்தில் அதே மெஷின்களில் அதே ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவரையும் நாங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. தீபாவளி போனஸும் கொடுத்தோம். இது என் கெட்டிக்காரத்தனத்தால் நடந்ததல்ல. யார் யாரால் நடந்தது என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல். நேரில் பார்த்தவர்களுக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் உதவியவர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியாது. சிலருக்குத் தாங்கள் உதவியதே தெரியாது.

வெளியூர்க்காரர்கள் படித்தால் புரிவதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழ் முழுசாகத் தயாராவது குறைவு. நூல் ஓர் இடத்தில் நிட்டிங் ஆகும். துணி சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து துணி சுருங்காமல் அழுத்தும் காம்பாக்டிங், பிறகு கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொன்றும் வேறு தெரு, வேறு முதலாளி. ஆர்டர் ஒருவர் பெயரில் வரும், சோறு நூறு பேர் வீட்டில் வேகும். அதனால் ஒருவருக்கு வேலை நின்றால் மற்றவர்கள் பேசாமல் இருக்க முடியாது. இங்கே இத்தனை சங்கங்கள் இருப்பதற்கும் அதுதான் காரணம். உள்நாட்டு பனியன் உற்பத்தியாளர்களுக்கு 1956 முதல் இருக்கும் சைமா, 1990இல் தொடங்கிய ஏற்றுமதியாளர்கள் சங்கம், நிட்டிங்காரர்களுக்கு, சாய ஆலைகளுக்கு, மின் தையல் மெஷின் போட்டுக் கூலிக்குத் தைக்கும் பவர் டேபிள்காரர்களுக்கு என்று தனித்தனிச் சங்கங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதற்கு இத்தனை என்று தோன்றும். கூலி பேசும்போது இவர்களுக்குள்ளேயே முட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் எனக்குக் கை கொடுத்தவர்கள் இந்தப் பக்கத்திலும் இருந்தார்கள், அந்தப் பக்கத்திலும் இருந்தார்கள்.

அந்த வாரம் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏற்றுமதியை நம்பியிருந்த எங்களைப் போன்ற ஜாப் ஒர்க்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தோம். யாருக்கும் பேச வாய் வரவில்லை. உள்நாட்டு உற்பத்தி செய்யும் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து என்னிடம், "அம்மிணி, மெஷினைச் சும்மா போடாதீங்க. தீபாவளிச் சரக்கு எங்ககிட்ட தைக்க ஆளில்லாம கெடக்குது, நாளைக்கே வந்து எடுத்துக்கங்க" என்றார். அவருக்கு என்னை முன்பின் தெரியாது. முன்பணம், உத்தரவாதம் என்று எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மாலையே கட்டிங் கட்டுகள் வந்து இறங்கின.

ஏற்றுமதிக்குத் தைத்தவர்கள் உள்நாட்டுச் சரக்குக்கு மாறுவது கேட்க லேசாக இருக்கும், செய்வது அப்படியல்ல. நாங்கள் தைத்துப் பழகியது டி-ஷர்ட். வந்தது லெகிங்ஸ், பிள்ளைகளின் டிரவுசர், ஆண்களின் உள்ளாடை. உருப்படிக்குக் கூலி குறைவு, எண்ணிக்கை அதிகம். வேகம் வராவிட்டால் கரண்ட் பில்லுக்கே போய்விடும். அதைவிட, எலாஸ்டிக் ஏற்றுகிற மெஷினே எங்களிடம் இல்லை. ராயபுரத்தில் யூனிட் வைத்திருக்கும் ஓர் அண்ணன், நாங்கள் கேட்டது காதில் விழுந்ததும், தன்னிடம் சும்மா இருந்த மெஷினை டெம்போவில் ஏற்றி, கூடவே தன் மெக்கானிக்கையும் அனுப்பிவைத்தார். அந்த மெக்கானிக் தம்பி சாயங்காலம் வந்து ராத்திரி வரை இருந்து துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டரை மாட்டி, தையல் விட்டுப்போகாமல் செட் செய்து கொடுத்துவிட்டுப் போனார். டீயைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. தம்பி, உங்களுக்கு நன்றி.

எங்கள் டெய்லர் அக்காக்களுக்கும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர்களில் சிலர் சின்ன வயதில் பவர் டேபிளில் ஜட்டி தைத்தவர்கள். "எங்களுக்கு இது புதுசா கண்ணு, நாங்க சொல்லித்தர்றோம்" என்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருந்த பையன்கள் ஊருக்கு டிக்கெட் போடும் யோசனையில் இருந்தார்கள். அக்காக்கள்தான் அவர்களை உட்கார வைத்தார்கள். முதல் வாரம் உற்பத்தி பாதிகூட வரவில்லை. செப்டம்பர் நடுவில் கை வந்துவிட்டது. செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமானதும், கடைக்காரர்கள் எங்கள் ஊர் மொத்த விற்பனைச் சந்தையான காதர்பேட்டைக்குத் தீபாவளிச் சரக்கு எடுக்க வந்ததும் சேர்ந்துகொண்டதால் வேலைக்குப் பஞ்சமில்லை.

எங்களுக்கு ஏற்றுமதி வேலை கொடுத்துவந்தவருக்கு என் தனி நன்றி. அவருடைய சரக்கே கிடங்கில் கிடக்கும்போது எங்கள் பழைய பாக்கியை முதலில் செட்டில் செய்தார். வங்கி வட்டி ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் அப்படிச் செய்வது எவ்வளவு சிரமம் என்று தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

அவரால் அது முடிந்ததற்குப் பின்னால் ஏற்றுமதியாளர்கள் சங்கத்தின் அலைச்சலும் இருக்கிறது. டெல்லிக்கும் சென்னைக்கும் மனுவோடு போய் வந்ததை நாம் பார்த்தோம். இதே கோரிக்கையை நாட்டின் மற்ற ஜவுளி ஊர்களும் வைத்தன, எல்லாம் திருப்பூரால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பலன் வந்தது. ஆகஸ்ட் 19 முதல் பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரி நிறுத்தப்பட்டு, பிறகு அது டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. நவம்பரில் ஏற்றுமதியாளர்களுக்காக 20,000 கோடி ரூபாய்க்கு அடமானமில்லாக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. அதே மாதம் கடன் தவணையைத் தள்ளிக் கட்ட ரிசர்வ் வங்கி வழிவிட்டது. இங்கே ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன், நன்றி சொல்கிற இடத்தில் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற உரிமையில். இந்த உதவியெல்லாம் முதலில் போய்ச் சேர்வது ஏற்றுமதி செய்கிறவர் கணக்குக்கு. அவர் மனசு வைத்தால்தான் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இறங்கி வருகிறது. எனக்கு நல்ல மனிதர் வாய்த்தார், எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. அடுத்த முறை மனு எழுதும்போது எங்கள் பெயரையும் தனியாகச் சேர்த்து எழுதுங்கள்.

சங்கத்தின் வழியாக அறிமுகமான ஆடிட்டர் ஒருவரையும் மறக்க முடியாது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதற்குச் சிறு தொழில்களுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவு கையில் இருக்க வேண்டும், பில்லில் அந்த எண்ணைப் போட வேண்டும் என்று பொறுமையாக உட்கார்ந்து எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஃபீஸ் வாங்கவில்லை.

சரி, இதெல்லாம் ஆகஸ்டுக்குப் பிறகு செய்யப்பட்ட உதவி. அதற்கு வெகுகாலம் முன்பே செய்துவைத்த உதவிகளும் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் வேறு வேலைக்கு மாறுவதற்கு இங்கே தொழிலே இருந்திருக்காது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். என் வயதுக்காரர்களுக்கு டேங்கர் லாரி வரிசை ஞாபகம் இருக்கும். சாயத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும், ஊர்க் கிணற்றுத் தண்ணீரோ உப்பு. சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து லாரி லாரியாக வந்தது. தொழிலுக்கும் போதவில்லை, கிராமங்களிலும் கிணறு வற்றியது. ஏற்றுமதியாளர்கள் சங்கமும் தமிழக அரசும் சேர்ந்து 1995இல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தை உருவாக்கின. பவானிக்குக் கீழே காவிரியில் எடுத்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது. தொழிற்சாலைக்கு மட்டுமல்ல, நகரத்துக்கும் வழியிலுள்ள கிராமங்களுக்கும் சேர்த்துத்தான் குழாய் போட்டார்கள். பத்து வருடம் ஓயாமல் அலைந்து அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தவர்களுக்கு, சங்கத்தின் நிறுவனத் தலைவர் ஏ. சக்திவேல் அவர்கள் உட்பட, என் நன்றி.

தண்ணீர் வந்தது, வெளியே போன தண்ணீரை என்ன செய்வது என்பதில் நாம் தாமதித்தோம். இதைச் சொல்லாமல் நன்றி மடல் எழுதினால் அது முழுசாகாது. நொய்யல் நிறம் மாறி ஓடியது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. அதற்குக் கீழே இருந்த விவசாயிகளின் நிலம் கெட்டது, கிணறு கெட்டது. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் கழிவு நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போனவர்களை பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறோம்.

அந்த விவசாயிகளுக்கு நான் நன்றி சொல்கிறேன். அவர்கள் விடாப்பிடியாக நின்றிராவிட்டால் நாம் திருந்தியிருக்க மாட்டோம். மூடிக் கிடந்த காலத்தில் சாய ஆலைக்காரர்கள் செய்தது சாமானியமல்ல. ஒவ்வொருவரும் தனியாகச் செய்யக்கூடிய செலவில்லை என்பதால் கூட்டாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மாற்றியமைத்தார்கள். தமிழக அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் கொடுத்தது. கழிவை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி, உப்பைத் தனியே பிரித்து, தண்ணீரையும் உப்பையும் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடுகிறது. சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்பது விதி. இதற்கு ஆகும் கரண்ட் செலவு சாயக் கூலியில் ஏறி, கடைசியில் நம் விலையிலும் ஏறுகிறது, போட்டி நாடுகளில் பலருக்கு இந்தச் சுமை கிடையாது. ஆனால் இப்போது ஐரோப்பாவிலிருந்து வருகிற வாடிக்கையாளர் முதலில் கேட்பதே "தண்ணீரை என்ன செய்கிறீர்கள்" என்றுதான். அமெரிக்கக் கதவு பாதி மூடிய நேரத்தில் வேறு கதவைத் தட்ட நம்மிடம் இருந்த பெரிய பலம் அது. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் சாய ஆலைக்காரர்கள்தான்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பல வருடத்துக்கு ஒரே கூலி ஒப்பந்தம் போடுகிற பழக்கம் இங்கே இருக்கிறது. பேச்சு இழுக்கும், வேலைநிறுத்தம் வரை போகும். ஆனால் கையெழுத்தாகிவிட்டால் கூலி இவ்வளவு என்று இரு தரப்புக்கும் தெரியும். நெருக்கடியைச் சாக்கு வைத்து யாரும் கூலியைக் குறைக்க முடியாமல் போனது அதனால்தான். சின்ன யூனிட் நடத்துகிற எனக்கு அது சுமையென்று நினைக்கலாம். எனக்கு அது நிம்மதி. பக்கத்து யூனிட் கூலியைக் குறைத்து என் ஆட்களின் வயிற்றில் அடித்து வேலை பிடிக்க முடியாது அல்லவா?

அப்புறம் 1997இல் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கிய, பின்னலாடைத் தொழில் சொல்லித்தரும் நிஃப்ட்-டீ கல்லூரி. எங்கள் யூனிட்டில் குவாலிட்டி பார்க்கும் பெண் அங்கே படித்தவள், அவள் அம்மா எங்களிடம் கைமடித்தவர், அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுத்து உதவியவர். 2015 முதல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்று மரம் நட்டுவருகிறவர்களும் இதே தொழில்காரர்கள்தான். என் மாமனார் தோட்டத்து ஓரத்தில் அவர்கள் வைத்த கன்றுகள் இப்போது தலைக்கு மேல் வளர்ந்திருக்கின்றன.

வரி என்ன ஆகும் என்பது எங்கள் கையில் இல்லை. மறுபடி ஏற்றுமதி வேலை வந்தாலும் உள்நாட்டு வேலைக்கு ஒரு லைனை ஒதுக்கியே வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ராயபுரத்து அண்ணனுக்கு ஒரு சேதி: எலாஸ்டிக் மெஷின் ஒன்றைத் தவணையில் எடுத்துவிட்டோம். உங்களுடையதைச் சர்வீஸ் செய்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறோம், வாடகை கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் டெம்போ செலவாவது எங்களுடையதாக இருக்கட்டும். வேறு யூனிட்டுக்குத் தேவையென்றால் சொல்லுங்கள், நேரே அங்கேயே இறக்கிவிடுகிறோம்.

நன்றியுடன்,
ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் உங்கள் சகோதரி,
திருப்பூர்