எங்களை ‘ஹெல்பர்’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத் தொழிற்சாலைகளின் மனிதவளத் துறை மேலாளர்களுக்கும், அவர்களுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம்.

நான் பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். ஐடிஐயில் இரண்டு வருடம் டர்னர், அதாவது லேத்தில் இரும்பைக் கடையும் தொழில், படித்தவன். ஓசூரைச் சுற்றி மூன்று இடங்களில், மொத்தம் ஆறு வருடம், சிஎன்சி மெஷினில் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி கடையும் மெஷின்) நின்றிருக்கிறேன். மூன்று இடத்திலும் ஒப்பந்த ஆள்தான், காகிதத்தில் ‘ஹெல்பர்’. உங்களில் சிலர் என்னை நேரில் பார்த்திருப்பீர்கள். நினைவிருக்காது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஒரு வேலைவாய்ப்பு முகாமில் எத்தனை முகங்கள் உங்கள் மேசையைக் கடக்கின்றன என்று வரிசையில் நின்றவனுக்குத் தெரியும். ஆனால் போன மாதம் நடந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

போன வருடம் ஒரு வேலைவாய்ப்பு முகாமில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார், “தம்பி, எல்லாரும் மெஷின் தெரியும்னுதான் சொல்றாங்க. நீ செஞ்சதைக் காட்ட என்ன வச்சிருக்க? போர்ட்ஃபோலியோ மாதிரி ஏதாவது?” அதுவரை அந்தச் சொல் போட்டோ எடுப்பவர்களுக்கும் படம் வரைபவர்களுக்கும் உரியது என்றே நினைத்திருந்தேன். கேட்டது நியாயமாகத்தான் பட்டது. சமையல்காரரை அவர் பேச்சை வைத்தா முடிவு செய்கிறோம்? ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கத்தானே செய்கிறோம். சரி, செய்து காட்டுவோம் என்று இறங்கினேன்.

இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஆறு வருடத்தில் நான் செய்த ஒரு பொருளைக்கூட என்னால் காட்ட முடியாது. கேட்டில் நுழையும்போதே போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறீர்கள், இல்லையென்றால் போனையே வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். பார்ட் வாடிக்கையாளருடையது, டிராயிங் அவர்களுடையது, வெளியே போகக் கூடாது. அதைக் குறை சொல்ல மாட்டேன், அது தொழில் தர்மம். ஆனால் அதன் விளைவு என்ன என்று யோசித்தீர்களா? எத்தனையோ ஆயிரம் பீஸ் என் கையால் இறங்கியிருக்கின்றன. அவை எந்தெந்த வண்டியிலோ ஓடிக்கொண்டிருக்கின்றன. என் கையில் ஒன்றும் இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தேன். பாலக்கோட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ், கரும்பு ஜூஸ் மெஷின் ரோலர் என்று வருவதையெல்லாம் செய்வார். “கரண்டு காசு மட்டும் குடுத்துடு” என்று சொல்லி லேத்தை விட்டுக்கொடுத்தார். இஎன் 8 என்ற எஃகு ராடு வாங்கி, எம் 20 (20 மில்லிமீட்டர்) போல்ட்டும் அதற்கு நட்டும், 2.5 மில்லிமீட்டர் பிட்சில் (மரைக்கு மரை உள்ள இடைவெளி) மரை வெட்டினேன். ஒரு டேப்பர், அதாவது ஒரு பக்கமாகக் குறுகிக்கொண்டே போகும் உருளை. அப்புறம் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட், ஹெச் 7 டாலரன்ஸில் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு), ஆறு பீஸ். அதாவது 25.000-க்கு மேலே போகக் கூடாது, 24.979-க்குக் கீழே இறங்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன், தலைமுடி ஒன்றின் தடிமன்கூட அந்த இடைவெளியை விட அதிகம்.

ஐந்து பீஸ் சரியாக வந்தது. ஆறாவது போய்விட்டது. அவசரத்தில் சூடாக இருக்கும்போதே மைக்ரோமீட்டர் வைத்தேன், 24.988 காட்டியது. டீ குடித்துவிட்டு வந்து ஆறின பீஸை அளந்தால் 24.976. மூன்று மைக்ரான் கீழே, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அந்த ரிஜெக்ட் பீஸையும் ஃபைலில் சேர்த்தேன். அளவு, காரணம், அடுத்த முறை என்ன செய்வேன் என்று ஒரு பக்கம் எழுதினேன். அனுபவசாலி ஒருவர் என் ஃபைலைத் திறந்தால் முதலில் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் கேட்பார் என்று நம்பினேன். ஐந்து நல்ல பீஸ் யாரும் காட்டலாம். தப்பு எங்கே வந்தது என்று சொல்பவன்தான் செட்டிங் போட, அதாவது மெஷினை வேலைக்குத் தயார் செய்ய, தெரிந்தவன், அது என் எண்ணம்.

நானே வரைந்த டிராயிங், அளவு அட்டவணை, படங்கள், மரை வெட்ட சிஎன்சியில் ஜி 76 சைக்கிள் என்ற கட்டளையை எப்படி எழுதுவேன் என்று ஒரு பக்கம், எல்லாம் சேர்த்து பதினான்கு பக்கம். யூடியூபில் ஒரு சின்ன வீடியோவும் போட்டு, லிங்க்கை முதல் பக்கத்தில் ஒட்டினேன். நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. வீட்டில் யாரும் பாராட்டவில்லை, கல்யாணப் பேச்சு எடுக்க வந்தவர்கள் மட்டும் “பையன் ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போறானா” என்று சந்தோஷப்பட்டார்கள்.

போன மாதம் ஒரு நிறுவனத்தில் செட்டர் வேலைக்கு நேர்காணல். பெயர் வேண்டாம். தக்காளி ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே விடியற்காலை பஸ் ஏறி, எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். ஃபைலை எடுத்து வைத்தேன். “அது இருக்கட்டும், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் குடுங்க” என்றார். கொடுத்தேன். மூன்றிலும் ஒரே சொல்: ‘ஹெல்பர்’. “ஹெல்பரா இருந்துட்டு செட்டர் போஸ்ட்டுக்கு வந்திருக்கீங்களே” என்றார். துணிப்பையில் இருந்த போல்ட்டையும் நட்டையும் எடுத்து மேசையில் வைத்தேன். ஃபைலை அவர் பக்கம் தள்ளினேன். அவர் தொடவில்லை. “லிங்க் இருந்தா மெயில் பண்ணுங்க, பார்க்கிறோம்” என்றார். நான்கு நிமிடம் இருக்கும், முடிந்தது. லிங்க் அன்றே அனுப்பினேன். இன்று வரை அந்த வீடியோவுக்குப் பதினொரு பார்வைகள். அதில் பத்து, நானும் என் தங்கையும்.

இது பழகிப் போனதுதான். எழுத வைத்தது அடுத்து நடந்தது. வெளியே வரும்போது கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்தார். போல்ட் கையில் மாட்டியது. “இது எங்க பார்ட்டா? எங்க எடுத்த?” மெட்டீரியல் வெளியே போனால் கேட் பாஸ் வேண்டும். என்னிடம் இல்லை, உள்ளே கொண்டு போகும்போது யாரும் எழுதவில்லை. உள்ளே போன் போட்டார்கள், சாப்பாட்டு நேரம், எடுக்க ஆளில்லை. நாற்பது நிமிடம் வெயிலில் நின்றேன். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாற்பது நிமிடத்தில் அந்த செக்யூரிட்டி என்ன செய்தார் தெரியுமா? ஃபைலைத் திறந்தார். நான் திருடவில்லை என்று நிரூபிக்க நான்தான் கொடுத்தேன். படங்களையும் போல்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நட்டைக் கழற்றினார், திரும்பப் போட்டார். ஆட்டம் இல்லாமல், இறுக்கமும் இல்லாமல், விரலாலேயே கடைசி வரை போனது. “நீயே செஞ்சதா தம்பி? நல்லா இருக்கே” என்றார். பதினான்கு பக்கத்தையும் பார்த்த ஒரே ஆள் அவர்தான். மனிதவளத் துறைக்கு அவரை மாற்றிக்கொள்வது பற்றி நீங்கள் யோசிக்கலாம்.

கிண்டல் போதும். என் கோரிக்கை ஒன்றுதான்: நாங்கள் செய்த வேலையை எழுதிக் கொடுங்கள். அது முடியாது என்றால், நாங்கள் கொண்டுவருவதைத் திறந்து பாருங்கள். இரண்டில் ஒன்று.

இதை நான் தானமாகக் கேட்கவில்லை. வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்யும் என் சித்தி மகள் எடுத்துக் காட்டினாள். 1970-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்காக 1971-இல் மத்திய அரசு போட்ட விதிகளிலேயே, ஆள் வேலையை விட்டுப் போகும்போது ஒப்பந்ததாரர் பணிச் சான்றிதழ் தர வேண்டும் என்று இருந்தது. அந்தப் படிவத்தில் ‘செய்த வேலையின் தன்மை’ என்று தனியாக ஒரு கட்டமே இருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பிலும், தொழிலாளி கேட்டால், என்ன வேலை செய்தார் என்ற விவரத்தோடு ஒப்பந்ததாரர் அனுபவச் சான்றிதழ் தர வேண்டும் என்று இருக்கிறது. சட்டம் எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் ‘ஹெல்பர்’ என்று நிரப்புகிறவருக்குத்தான் தோன்றவில்லை.

தோன்றாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் ஓட்டினான், ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) போட்டான், டூல் மாற்றினான் என்று எழுதினால், ஒப்பந்த ஆளை ஏன் உற்பத்தி மெஷினில் நிறுத்தினாய் என்று ஒரு கேள்வி வரும். திறன் பெற்ற தொழிலாளிக்கு உரிய கூலி ஏன் தரவில்லை என்று இன்னொரு கேள்வி வரும். ஹெல்பர் என்று எழுதினால் எந்தக் கேள்வியும் வராது. உங்கள் கணக்கு உங்களுக்குச் சரி. ஆனால் அந்த ஒரு சொல்லால் ஒவ்வொரு முறையும் நான் புது ஆளாகி, முதல் படியிலிருந்து தொடங்குகிறேன். அடுத்த கம்பெனியின் மேனேஜர் அந்தச் சொல்லைத்தான் நம்புகிறார். இரும்பை நம்பமாட்டேன் என்கிறார், காகிதத்தை நம்புகிறார். அந்தக் காகிதமோ பொய் சொல்கிறது.

நான் மட்டும் என்றால் விட்டுவிடுவேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை செய்தவர். மூன்று வருடத்தில் கண்ணாடி போட்டதுதான் அவரிடம் இருக்கிற சான்றிதழ். அவருக்கு என்ன ஃபைல் போடச் சொல்வீர்கள்? நான் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை போல்ட் செய்யலாம். அவர் வீட்டில் சர்க்யூட் பலகை செய்ய முடியுமா?

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்களா தெரியாது. எங்கள் மாவட்டங்களில் அவை நிறைய. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களிடமிருந்து மீட்கும்போது விழுந்தவனுக்குக் கல் நட்டு, அவன் உருவத்தைச் செதுக்கி, இன்னார் இந்தச் சண்டையில் என்ன செய்து விழுந்தான் என்று எழுதினார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால், உளியை வைத்துக்கொண்டு. உங்களிடம் பிரிண்டர் இருக்கிறது. நான் விழவும் இல்லை, உயிரோடுதான் இருக்கிறேன், வேலை கேட்டு வந்து நிற்கிறேன்.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். முகாம்களைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. டர்னர் வேலைக்கு ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்று இங்கிலீஷில் கேட்பது, இருபத்தைந்து வயதைத் தாண்டினால் அனுபவமே குற்றமாவது, இதெல்லாம் இன்னொரு நாளைக்கு.

உங்களுக்குப் பெரிய வேலை வைக்கவில்லை. அரைப் பக்கம் போதும். எந்த வகை மெஷின், எந்தக் கன்ட்ரோலர், எந்த மாதிரியான பார்ட், எவ்வளவு டாலரன்ஸ், ஓட்டினானா செட்டிங்கும் போட்டானா, எத்தனை மாதம். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், டிராயிங் வேண்டாம், உங்கள் ரகசியம் உங்களோடு இருக்கட்டும். கீழே ஷிஃப்ட் சூப்பர்வைசர் கையெழுத்து. என்னோடு ராத்திரி ஷிஃப்டில் நின்றவருக்கு நான் என்ன செய்தேன் என்று நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போட அவருக்கு மனமும் உண்டு, அனுமதிதான் இல்லை. அந்த அனுமதியைக் கொடுங்கள். செய்த வேலையை எழுதிக் கொடுங்கள்.

நேர்காணலுக்கு வருகிறவனுக்கு ஒரு ராடும் ஒரு டிராயிங்கும் ஒரு மணி நேரமும் கொடுத்து மெஷினில் நிறுத்துகிற இடங்களும் இருக்கின்றன, நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்களுக்கு இந்த மடல் இல்லை, அவர்களுக்குக் கும்பிடு. மற்றவர்கள், மெஷின் தராவிட்டாலும் ஃபைலையாவது திறங்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்குப் புரியாது என்றால், ஷாப் ஃப்ளோரிலிருந்து ஒரு ஃபோர்மேனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் ஆறாவது பீஸின் பக்கத்துக்கு வர ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த முகாமுக்கும் வருவேன். கறுப்புத் துணிப்பை, நீல ஃபைல். போல்ட் உள்ளேதான் இருக்கும். தயவுசெய்து நட்டை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பார்க்க நேரம் இல்லையென்றால், உள்ளே நுழையும்போதே ஒரு கேட் பாஸாவது எழுதிக் கொடுத்துவிடுங்கள். ‘பொருளின் விவரம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டால் நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பாலக்கோட்டுப் பக்கத்து டர்னர் ஒருவன்
(பெயர் போடாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்)